துளைகளிலிருந்து ஓர் ஆம்ப்ளிஃபயர்



கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒலியில்தான் தொடங்கும். யார் வாசித்தார், எந்த மேடை, எந்த இசைத்தட்டு என்று போகும். நான் இன்று ஒலியே எழாத இடத்தில் தொடங்குகிறேன். டிரான்ஸ்ஃபார்மர்களைக் கழற்றியாயிற்று, வால்வுகளைப் பிடுங்கியாயிற்று, ஒயர்களை வெட்டியாயிற்று. மிஞ்சியது துளைகளும் துருவும் உள்ள ஓர் இரும்புத் தகட்டுப் பெட்டி. அதற்குச் சேசிஸ் என்று பெயர். பழைய ஃபெண்டர், வாக்ஸ், மார்ஷல் ஆம்புகளில் எத்தனையோ இந்த நிலைக்கு வந்திருக்கின்றன. பல சமயம் அதற்குக் காரணம் பழுதுகூட அல்ல, விலை. டிரான்ஸ்ஃபார்மர் ஒருவருக்கு, ஸ்பீக்கர் இன்னொருவருக்கு, திருகுகளும் பெயர்ப்பலகையும் மூன்றாமவருக்கு என்று பிரித்து விற்றால் கூடுதல் பணம் வரும். கடைசியில் கிடக்கும் தகட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் அந்தத் தகட்டின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன். ஓர் ஆம்ப் என்பது அதை வடிவமைத்தவர் எடுத்த முடிவுகளின் தொகுப்பு. இந்த ரெசிஸ்டர் ஏன் 250 ஓம், இந்தக் கண்டன்சர் ஏன் 16 மைக்ரோஃபாரட், இந்த ஒயர் ஏன் இந்த ஓரமாகப் போகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து விடை கண்டிருக்கிறார். முழுதாக இருக்கும் ஆம்பைப் பழுதுபார்ப்பவர் கெட்டுப்போன ஒன்றிரண்டு பாகங்களைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும். வெறும் சேசிஸை எடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அத்தனை முடிவுகளையும் அவர் ஒவ்வொன்றாக மறுபடி எடுத்தாக வேண்டும். ஒரு பாகத்தை மாற்றுமுன் அது அங்கே ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது. இதைக் கற்க வெறும் சேசிஸைவிட நல்ல பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததில்லை.

பொதுவாகப் பேசிக்கொண்டு போனால் பிடி கிடைக்காது. ஒரே ஓர் ஆம்பை எடுத்துக்கொள்வோம். ஃபெண்டர் டீலக்ஸ், 5ஈ3 என்ற சர்க்யூட். 1955இலிருந்து ஏறத்தாழ 1960 வரை அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் செய்யப்பட்டது. லியோ ஃபெண்டர் அந்த ஊரில் 1938இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தவர். படித்தது கணக்கியல். கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசிப்பவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டவர். 1946இல் தன் பெயரில் நிறுவனம் தொடங்கினார். பழுதுபார்ப்பவராகத் தொடங்கியதால், இன்னொரு பழுதுபார்ப்பவர் தன் ஆம்பைத் திறப்பார் என்ற நினைப்பு அவருடைய வடிவமைப்பு முழுக்க ஓடுகிறது. பாகங்கள் ஒரே பலகையில் வரிசையாக, கை புகும் இடைவெளியோடு இருக்கும். நிறுவனம் சர்க்யூட் வரைபடத்தோடு லேஅவுட் படமும் வரைந்தது. எந்தப் பாகம் பலகையின் எந்தப் பித்தளைக் கண்ணில், எந்த ஒயர் எங்கிருந்து எங்கே என்று அதில் கண்ணால் பார்க்கலாம். அந்தப் படங்கள் இன்றும் கிடைப்பதால்தான் நாம் இந்த வேலையைப் பற்றிப் பேசவே முடிகிறது.

வெறும் சேசிஸ் கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது படிப்பது. துளைகளைப் படிப்பது. பெரிய வட்டத் துளை மூன்று, சிறியது இரண்டு என்றால் எட்டுக் கால் சாக்கெட் மூன்றும் ஒன்பது கால் சாக்கெட் இரண்டும் இருந்திருக்கின்றன. இரண்டு பவர் வால்வு, ஒரு ரெக்டிஃபயர், முன்வரிசையில் இரண்டு சிறிய வால்வு: 6வி6 ஜோடி, 5ஒய்3, 12ஏஒய்7, 12ஏஎக்ஸ்7. இன்னும் பழைய டீலக்ஸ்களில் முன்வரிசைக்கும் எட்டுக் கால் வால்வுகளைப் போட்டிருந்தார்கள். எனவே துளையின் விட்டமே காலத்தைச் சொல்லிவிடும். முன்பக்கத்தில் நான்கு ஜாக், மூன்று திருகு. இரண்டு வால்யூம், ஒரு டோன். தொழிற்சாலை போட்ட துளையின் விளிம்பு சீராக இருக்கும். பின்னால் யாரோ கையால் போட்ட துளையின் விளிம்பில் பிசிறு இருக்கும். அப்படி ஒரு துளை தெரிந்தால், இடையில் யாரோ சர்க்யூட்டை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

பழைய பாகம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதிலும் எழுத்து இருக்கும். பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் 137 என்று தொடங்கும் எண் இருந்தால் அது சிடிஎஸ் நிறுவனம் செய்தது, 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்து வரும் இலக்கங்கள் ஆண்டும் வாரமும். ஸ்பீக்கரில் 220 என்றால் ஜென்சன். மரப்பெட்டியும் கிடைத்திருந்தால் அதில் ஒட்டிய வால்வுப் பட்டியலில் இரண்டு எழுத்து முத்திரை இருக்கும். முதல் எழுத்து ஆண்டு, 1951இல் ஏ என்று தொடங்குவது. இரண்டாவது எழுத்து மாதம். ஜிஈ என்றால் 1957 மே. 5ஈ3 என்ற பெயரும் அப்படித்தான்: 5 என்பது ஐம்பதுகள், ஈ என்பது சர்க்யூட்டின் திருத்தம், 3 என்பது டீலக்ஸ் மாடல். இவற்றைக் கழுவித் துடைப்பதற்கு முன்னால் படம் எடுத்துவிடுங்கள். துருவைத் தேய்க்கும் ஆர்வத்தில் முத்திரையையும் சேர்த்துத் தேய்த்தவர்கள் உண்டு.

இனி சர்க்யூட். கிட்டாரின் சிறு சிக்னல் 12ஏஒய்7 வால்வுக்குள் போகிறது. 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கக் காரணி 100, இதற்கு 44தான். இரண்டும் ஒரே சாக்கெட்டில் பொருந்தும் என்பதால் பலர் 12ஏஎக்ஸ்7 வால்வை இங்கே செருகிவிடுகிறார்கள். கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 44இல் வால்யூமைத் திருகத் திருகச் சுத்தமான ஒலி மெல்ல மெல்லக் கரகரப்பாக மாறும் அகலமான ஒரு வெளி கிடைக்கிறது. 100இல் அந்த வெளி சுருங்கிவிடும். அடுத்து 12ஏஎக்ஸ்7. அதன் ஒரு பாதி சிக்னலை மேலும் பெருக்குகிறது, மறு பாதி பிரிக்கிறது. பிளேட் பக்கம் 56 கிலோ ஓம், கேத்தோடு பக்கமும் 56 கிலோ ஓம். இரண்டு வழியாகவும் ஓடுவது ஒரே மின்னோட்டம் என்பதால், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு சம சிக்னல்கள் கிடைக்கின்றன. அவை இரண்டு 6வி6 வால்வுகளுக்குப் போகின்றன. இருவர் சேர்ந்து இழுக்கும் ரம்பம்போல ஒன்று இழுக்க மற்றது தளர, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 12 அங்குல ஸ்பீக்கர் அசைகிறது. வெளியீட்டிலிருந்து பின்னோக்கி எடுத்து ஒலியைக் கட்டுப்படுத்தும் ஃபீட்பேக் இதில் இல்லை. கரகரப்பு திடுமென்று வராமல் படிப்படியாக ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஆம்பில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் பவர் சப்ளை. வெறும் சேசிஸைக் கட்டுபவர்கள் முதலில் ‘மேம்படுத்த’ ஆசைப்படுவதும் இதைத்தான். 5ஒய்3 வால்வு ஏசியை டிசியாக மாற்றுகிறது. கொஞ்சம் பலவீனமான வால்வு. அதன் வழியாக எவ்வளவு மின்னோட்டம் போகிறதோ அவ்வளவுக்கு அது வோல்ட்டேஜை விழுங்கும். கிட்டாரில் ஒரு கார்டை ஓங்கி அடித்தால் 6வி6 வால்வுகள் கூடுதலாக இழுக்கும், 5ஒய்3 தடுமாறும், சப்ளை வோல்ட்டேஜ் இறங்கும். அடியின் முனை மழுங்கும். ஸ்வரம் தேயத் தேய வோல்ட்டேஜ் திரும்ப ஏறுவதால் ஒலி பின்னால் விரிந்து மலரும். வாசிப்பவர் விரலில் உணர்வது இதைத்தான். ராக் கலைஞர் நீல் யங் 1959ஆம் ஆண்டு டீலக்ஸ் ஒன்றை அறுபதுகளிலிருந்து விடாமல் வாசிக்கிறார். அந்த ஆம்பின் திருகுகளைக் காலால் இயக்கித் திருப்ப ஒரு கருவியே செய்வித்து வைத்திருக்கிறார். ஆம்புக்குள் எதையும் மாற்றாமல் வெளியிலிருந்து திருப்ப வேண்டும் என்பதற்காக. அந்தத் தடுமாற்றம் எவ்வளவு விலைமதிப்பானது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

5ஒய்3 இடத்தில் சிலிக்கான் டையோடு போட்டால் வோல்ட்டேஜ் அவ்வளவாக இறங்காது. ஆம்ப் உறுதியாக இருக்கும், சத்தமும் கூடும். ஆனால் அது டீலக்ஸ் அல்ல. தவிர, அந்தக் கூடுதல் வோல்ட்டேஜை 6வி6 தாங்க வேண்டும். முதல் ஃபில்டர் கண்டன்சரின் அளவும் இப்படித்தான். பழைய மதிப்பு 16 மைக்ரோஃபாரட். இன்று அதே விலையில் 100 கிடைக்கிறது என்று 100 போட்டால், ஒவ்வொரு முறையும் அதை நிரப்ப 5ஒய்3 அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் தள்ள நேரும், ஆயுள் குறையும். 16 அல்லது 22 போதும். ஆனால் வோல்ட்டேஜ் அளவில் மட்டும் பழையதைப் பின்பற்ற வேண்டாம். அக்காலத்தில் 450 வோல்ட் கண்டன்சர் போட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மர் 325-0-325 வோல்ட் என்று கொண்டால் அதன் உச்சம் 460 வோல்ட் அளவுக்கு வரும். 5ஒய்3 சட்டென்று சூடாகிவிடும் வகை. 6வி6 வால்வுகள் சூடாகி மின்னோட்டம் இழுக்கத் தொடங்கும்வரை அந்த உச்ச வோல்ட்டேஜைக் கண்டன்சர்கள்தான் தாங்கி நிற்கின்றன. எனவே 500 வோல்ட் கண்டன்சர் போடுங்கள்.

எதைப் பழையபடி வைப்பது, எதைப் புதிதாகப் போடுவது? என் அளவுகோல் சுருக்கமானது. ஒலியைத் தீர்மானிக்கும் மதிப்புகளைத் தொடாதீர்கள், உயிரைத் தீர்மானிக்கும் எதையும் பழையபடி விடாதீர்கள். பழைய எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் உள்ளே காய்ந்துவிடும். எங்கிருந்தாவது அக்காலத்து அசல் கிடைத்தாலும் போட வேண்டாம். மஞ்சள் ஆஸ்ட்ரான் கண்டன்சர்களைத் தேடிப் பெரும் விலை கொடுப்பவர்கள் உண்டு. அவை டிசியைக் கசியவிட்டால் அடுத்த வால்வின் கிரிட்டில் நேர் வோல்ட்டேஜ் ஏறும், 6வி6 சிவக்கும். கார்பன் ரெசிஸ்டர்கள் ஈரத்தை உறிஞ்சி மதிப்பு ஏறிப்போகும். பாகங்களைத் தாங்கும் கறுப்பு ஃபைபர் பலகையும் ஈரம் குடித்தால் தானே லேசாக மின்சாரம் கடத்தத் தொடங்கி இரைச்சலைக் கிளப்பும். பலகையை மல்டிமீட்டரால் சோதித்து, கண்ணுக்குக் கண் கசிவு தெரிந்தால் புதிதாக வெட்டிப் பித்தளைக் கண்கள் அடியுங்கள். துணி உறை போட்ட ஒயர் இன்றும் செய்கிறார்கள். உறையைப் பின்னால் தள்ளிவிட்டுப் பற்றவைக்கலாம். வேலை சுத்தமாக வரும், அதனால் அதையே நான் விரும்புகிறேன்.

உயிர் பற்றிச் சொன்னேன். அந்தக் காலத்து ஆம்புகளில் இரண்டு கம்பி பவர் கார்டுதான். மெயின்ஸின் ஒரு கம்பிக்கும் சேசிஸுக்கும் நடுவே 0.05 மைக்ரோஃபாரட் அளவில் ஒரு கண்டன்சர் இருக்கும், ஹம் குறைய. அது ஷார்ட் ஆனால் சேசிஸில் மெயின்ஸ் ஏறும். சேசிஸோடு கிட்டாரின் கம்பிகள் இணைந்திருக்கின்றன. வாசிப்பவரின் ஒரு கை அந்தக் கம்பியில், உதடு எர்த் ஆன மைக்கில். ‘டெத் கேப்’ என்று அதற்குத் தொழிலில் வழங்கும் பெயர் மிகையே அல்ல. அந்தக் கண்டன்சரை எடுத்துவிடுங்கள். மூன்று கம்பி கார்டு போட்டு, எர்த் ஒயருக்குத் தனி போல்ட் ஒன்றைச் சேசிஸில் இறுக்குங்கள். டிரான்ஸ்ஃபார்மரைப் பிடிக்கும் போல்ட்டிலேயே அதையும் கட்டக் கூடாது. ஃபேஸ் கம்பி முதலில் ஃபியூஸுக்கு, பிறகு சுவிட்சுக்கு. அசல் தன்மை கெடுகிறது என்று யாராவது சொன்னால் அவரோடு வாதிடவே தேவையில்லை.

நம் ஊரில் இதைக் கட்டுபவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்க மெயின்ஸ் அன்று 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டேஜைக் குறைக்கும் பெட்டி வைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. 60க்கென்று கணக்குப் போட்டுச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் 50இல் காந்தப் பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடும், சூடும் கூடும். வெறும் சேசிஸ் எடுத்தவருக்கு இந்த இடத்தில் ஒரு வசதி இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் ஏற்கெனவே இல்லை. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கென்று சுற்றியதையே வாங்கிப் போடலாம்.

ஒயர் ஓட்டத்துக்கு வருகிறேன். இதில் பாகத்தின் மதிப்பு ஒன்றுமே செய்யாது, கைதான் எல்லாம். ஹீட்டர் ஒயர்கள் ஏசியைச் சுமப்பவை. அவற்றை ஒன்றோடொன்று இறுக முறுக்கிச் சேசிஸின் ஓரத்தோடு ஓட்ட வேண்டும். முதல் வால்வின் கிரிட்டுக்குப் போகும் ஒயர் முடிந்தவரை குட்டையாக இருக்க வேண்டும், ஹீட்டரைக் கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்க வேண்டும். அந்தக் காலத்துச் சிறிய ஆம்புகளில் ஹீட்டரின் ஒரு முனையை நேராகச் சேசிஸில் கட்டிவிட்டார்கள். நான் அதைப் பின்பற்றுவதில்லை. இரண்டு ஒயர் ஓட்டி, இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களால் நடுப்புள்ளியை எர்த் செய்கிறேன். ஹம் குறைகிறது, கிட்டாரின் குரலில் எதுவும் மாறவில்லை. ஏன் அப்படிச் செய்தார்கள் என்று தெரிந்த பிறகு, அதாவது ஒரு ஒயரை மிச்சப்படுத்த என்று தெரிந்த பிறகு, மாற்ற மனம் தயங்கவில்லை.

ஃபுல்லர்ட்டனில் இந்த ஒயர்களை ஓட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். மெக்சிகோ வழிவந்த குடும்பங்களின் பெண்கள் அவர்களில் பலர். தாங்கள் முடித்த சேசிஸுக்குள் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதில் தங்கள் முதல் பெயரை எழுதி வைத்தார்கள். கிட்டார் வரலாறு எழுதுபவர்கள் லியோ ஃபெண்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஒவ்வொரு ஆம்பும் அமைதியாக இருந்ததற்கும் அறுபது ஆண்டு கழித்தும் அதன் இணைப்புகள் விடாமல் பிடித்திருப்பதற்கும் காரணமானவர்கள் அந்தத் துண்டு டேப்பில் மட்டும் இருக்கிறார்கள். வெறும் சேசிஸில் அப்படி ஒரு டேப் மிஞ்சியிருந்தால், என்ன ஆனாலும் அதை எடுத்துவிடாதீர்கள். நல்ல வேலையின் அளவு என்ன என்று அந்தப் பெயர் உங்களுக்குச் சொல்லும்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும் வேலையை அவசரப்படாமல் செய்யுங்கள். ஸ்பீக்கர் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் இயக்கினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகலாம். வால்வுகள் இல்லாமல், சீரீஸ் பல்பு வழியாக மெயின்ஸ் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். மங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜ்களை அளந்துவிட்டு வால்வுகளைச் செருகுங்கள். பிறகு முக்கியமான ஓர் அளவு. 6வி6 இரண்டுக்கும் பொதுவான கேத்தோடு ரெசிஸ்டர் 250 ஓம். அதன் குறுக்கே 20 வோல்ட் காட்டினால் இரண்டும் சேர்ந்து 80 மில்லியாம்பியர் இழுக்கின்றன, ஒன்றுக்கு 40. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 320 வோல்ட் என்றால் 12.8 வாட். ஸ்கிரீனுக்குப் போகும் சிறு பங்கைக் கழித்தால் 12 வாட்டை ஒட்டி நிற்கும். 6வி6 ஜிடி வால்வுக்குக் குறித்த எல்லை 12 வாட், பிளேட்டில் 315 வோல்ட். அதாவது ஃபெண்டர் அந்த வால்வை எல்லையிலேயே ஓட்டினார், வோல்ட்டேஜில் எல்லையைத் தாண்டியும் ஓட்டினார். அன்றைய அமெரிக்க 6வி6 வால்வுகள் அதைத் தாங்கின. இன்று வாங்கும் வால்வு தாங்குமா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் அந்த 250 ஓமை வைப்பதா, கொஞ்சம் கூட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

வால்வு கிடைப்பதும் முன்போல எளிதல்ல. நம் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் ரேடியோ வால்வுகள் செய்தது. அது எப்போதோ நின்றுபோயிற்று. இன்று ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று ஒருசில தொழிற்சாலைகள்தான். 2022இல் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது உலகம் முழுக்கக் கடைகளில் வால்வு விலை எகிறியதைக் கிட்டார் கலைஞர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பாகம் மாறினால் ஆம்பும் வேறாகிவிடுமா என்று கேட்பீர்கள். மாறத்தான் செய்யும். 1962இல் லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் ஆசிரியரான ஜிம் மார்ஷலின் கடையில், கென் பிரான், டட்லி கிரேவன் இருவரும் ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ சர்க்யூட்டை அப்படியே பின்பற்றி ஒன்று கட்டினார்கள். சர்க்யூட் ஏறக்குறைய அதேதான். ஆனால் முதல் வால்வு ஈசிசி83, டிரான்ஸ்ஃபார்மர் இங்கிலாந்துத் தயாரிப்பு, நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் பின்புறம் மூடிய பெட்டியில். ஜேடிஎம்45 என்று பெயரிட்ட அந்த ஆம்பின் குரல் வேறு, அதிலிருந்து பிறந்த ராக் இசையும் வேறு. அவர்கள் அதற்கு ஃபெண்டர் என்று பெயர் ஒட்டவில்லை. மார்ஷல் என்ற பெயரைப் போட்டார்கள்.

மறுகட்டமைத்த ஆம்பை விற்பவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அதுதான். சேசிஸ் 1957, மற்றவை எல்லாம் புதியவை என்றால் அப்படியே சொல்ல வேண்டும். எந்தப் பாகத்தை எந்தத் தேதியில் யார் போட்டார், எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டுங்கள். புதிய கண்டன்சரைப் பழைய ஓட்டுக்குள் ஒளித்து, ஈயத்துக்குக் கறை பூசி, தொடப்படாத அசல் என்று விற்கும் வழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. அது வாங்குபவரை ஏமாற்றுவது மட்டுமல்ல. அடுத்துத் திறக்கும் மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய தகவலையும் அது அழிக்கிறது.

தொடங்க விரும்பும் மாணவர்களுக்கு: டீலக்ஸில் தொடங்காதீர்கள். ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ஒரு 5ஒய்3, ஏறத்தாழ 5 வாட். மொத்தச் சர்க்யூட்டும் ஒரே தாளில் அடங்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். மின்சாரம் இருக்கும்போது அளப்பதென்றால் ஒரு கையால் அளங்கள், மற்றது சட்டைப்பையில் இருக்கட்டும். வீட்டில் தனியாக இருக்கும்போது முதல் முறை இயக்காதீர்கள், கூட ஒருவர் இருக்கட்டும், மெயின் சுவிட்ச் எங்கே என்று அவருக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள்.